திறந்து கிடந்த கலன்

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஒரு வசனத்தைத் தொடங்கினால் எங்கே முடிப்பதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போவேன். மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி ஊற்றிய பிறகுதான் வைத்த ஞாபகம் வரும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால்தான் எழுதுகிறேன். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஊரை விட்டு வந்து, இந்தக் குளிர் நாட்டில் மில்லிக்கன் என்ற இடத்தில், மகளும் மருமகனும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மருமகன் பெரிய ட்ரக் ஓடுகிறவர். மகளுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. சில வருடங்களுக்கு முன் மருமகன் ஒரு பழைய ட்ரெயிலர் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கழிப்பறை, குளிப்பதற்கு ஒரு மூலை எல்லாம் உண்டு. கோடை காலத்தில் ஏரிக்கரைப் பார்க்குகளில் கொண்டுபோய் நிறுத்துவோம். மற்றவர்கள் இறைச்சியை நெருப்பில் வாட்டிச் சாப்பிட, நாங்கள் உள்ளே இடியப்பம் அவித்துச் சொதி வைப்போம். எனக்கு அது பிடிக்கும். கதவைச் சாத்தினால் ஒருவரோடும் பேச வேண்டியதில்லை.

ஆனால் குளிர் வருமுன் அதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும். குழாய்களுக்குள் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும். அதனால் தாங்கியில் உள்ள தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டு, அன்ரிபிரீஸ் என்ற, குளிரில் உறையாத ரோஸ் நிறத் திரவத்தைப் பம்பினால் குழாய்களுக்குள் ஏற்றுவார்கள். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஸ் நிறம் வந்ததும் பூட்டுவார்கள். வசந்தத்தில் நல்ல தண்ணீர் விட்டு அலசி எடுத்துவிடலாம். ட்ரெயிலருக்கு ஊற்றுவது அவ்வளவு நஞ்சில்லை என்றும் காருக்கு ஊற்றுவது ஆளைக் கொல்லும் என்றும் மருமகன் முதல் வருடமே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மகளுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன்.

மருமகனோடு நேரே நின்று பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. கோபம் ஒன்றும் கிடையாது, தங்கமான பிள்ளை. கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து கூச்சம், அவ்வளவுதான். "சாப்பிட வரச் சொல்லு பிள்ளை," என்று மகளிடம் சொல்வேன். அவர் அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டுத் தானே வந்து உட்காருவார். தம்பி என்றோ மருமகன் என்றோ உறவு முறை சொல்லி அவரை நான் கூப்பிட்டதே இல்லை.

குளிர் தொடங்குகிற ஒரு நாள், மகள் வேலைக்குப் போய்விட்டாள். மருமகன் மொன்றியல் பக்கம் ட்ரக் கொண்டுபோயிருந்தார். சனிக்கிழமை வந்து ட்ரெயிலருக்கு அன்ரிபிரீஸ் ஊற்றி, குளிர்காலம் முடியும்வரை நிறுத்தி வைக்கிற யார்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ட்ரெயிலர் வீட்டு டிரைவேயில் நின்றது. மத்தியானம் தமிழ் ரேடியோவில் இரவு பூச்சியத்துக்குக் கீழே நன்றாக இறங்கும் என்றார்கள். இவர், என் வீட்டுக்காரர், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"எங்க போறியள்?"

"ட்ரெயிலருக்கு உந்த அன்ரிபிரீஸை ஏத்தத்தான். அன்ரிமார் குளிரில விறைச்சுப் போகாமல் இருக்கிற மருந்து. உமக்கும் ஒரு கோப்பை தரட்டோ?"

"அவர் சனிக்கிழமை வந்து செய்வார்தானே."

"அவர் வருமட்டும் குளிர் கேற்றடியில நிண்டு பாத்துக்கொண்டு நிக்குமோ? மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்குத் தெரியாதே?"

ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

கராஜில் அன்ரிபிரீஸ் கலன்கள் இருந்தன. சீல் உடைக்காத புதுக் கலன்கள் ஒரு பக்கம். அதே லேபலோடு திறந்து பாதியாகக் கிடந்த ஒரு கலன் மற்றப் பக்கம். இவர் திறந்த கலனைத்தான் முதலில் தூக்கினார். எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் தூக்கியிருப்பார்கள். எண்ணெயோ தேயிலையோ, திறந்தது முடியாமல் புதிதைத் திறக்க நான் விடுவதில்லை.

ட்ரெயிலருக்குள் இருக்கைப் பலகையைத் தூக்கினால் அடியில் சின்னப் பம்ப் ஒன்று இருக்கும். அதில் ஒரு ரியூபைப் பூட்டி, மறு நுனியைக் கலனுக்குள் விட்டுச் சுவிச்சைப் போட்டார். பம்ப் கர்ரென்று கத்தியது. ஒன்றும் ஏறவில்லை. நிறுத்தினார், போட்டார், தட்டினார். அது கத்திக்கொண்டே இருந்தது.

"காத்துப் பிடிச்சிட்டுது," என்றார். பிறகு ரியூபைப் பம்பிலிருந்து கழற்றி, நுனியை வாயில் வைத்து இழுத்தார்.

ஊரில் தோட்டத்து இறைப்பு மிசினுக்கு மண்ணெண்ணெயைப் பரல் என்கிற இரும்புப் பீப்பாயிலிருந்து அப்படித்தான் இறக்குவார். நுனிவரை வந்ததும் விரலால் பொத்தி எடுத்துவிடுவார். ஒரு சொட்டு உள்ளே போகாது என்று பெருமை அடிப்பார். அப்போது அவருக்கு வயது முப்பது. இப்போது மேலே ஒரு பல் வரிசை, கழற்றி வைக்கிற வரிசை, இறுக்கமாக நிற்பதில்லை. ரோஸ் திரவம் சடாரென்று ஏறியது. ஒரு வாய் நிறைய உள்ளே போய்விட்டது. இருமினார். கொஞ்சம் கீழே கொட்டியது, மிச்சம் தொண்டையால் இறங்குவதைக் கண்ணால் கண்டேன்.

"துப்புங்கோ! துப்புங்கோப்பா!"

"என்னத்தைத் துப்பிறது, உள்ள போட்டுது." வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இனிக்குது. நீர் போடுற தேத்தண்ணியை விடப் பரவாயில்லை."

ரியூபைப் பம்பில் மாட்டினார். இந்த முறை பம்ப் இழுத்தது. அடுப்புக்குப் பக்கத்துக் குசினிக் குழாயில் ரோஸ் நிறம் வந்ததும் சின்னப் பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார்.

ட்ரெயிலருக்கு ஊற்றுவது நஞ்சில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. கோடையில் ஒரு நாள் நான் காயப்போட்ட உடுப்பை எடுத்துக்கொண்டு கராஜ் வழியாக வருகிறேன். மருமகன் குனிந்து நின்று, ஒழுகுகிற ஒரு போத்தலிலிருந்து எதையோ பழைய கலன் ஒன்றுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய காருக்கு ஊற்றுகிற அன்ரிபிரீஸும் ரோஸ் நிறம்தான்.

அதை நான் உண்மையிலேயே கண்டேனா? பாலை மறந்துவிடுகிறவள் நான். பயத்தில் மனம் தானாகவே ஒரு படத்தைக் கீறிக் காட்டுகிறதா என்றும் நினைத்தேன். கலனில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்தேன். வாசிக்கத் தெரிந்திருந்தாலும் பிரயோசனமில்லை. லேபல் ட்ரெயிலர்க் கலனுடையது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்த ஒரே ஆள் ட்ரக் ஓடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் போய் மகளுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை லொக்கரில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஜன்னலால் பார்த்தால் இவர் ட்ரெயிலர்ப் படியில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தார். கையை ஏன் உதறுகிறார்? குளிருக்கா?

மருமகனுடைய நம்பரை அழுத்தினேன்.

"மாமி?" என்றார் உடனே. நான் அவருக்கு அடித்ததே இல்லை, அதனால் அவருடைய குரலிலும் பயம். "என்ன மாமி? ஆருக்கு என்ன?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ட்ரக் இரைவது மட்டும் கேட்டது.

"மாமி, கேக்குதோ?"

"தம்பி," என்றேன். "கராஜுக்குள்ள... திறந்து கிடந்த கலன். அதுக்குள்ள என்ன கிடந்தது?"

"எது, பாதிக் கலனோ? ஏன்?"

"மாமா அதை ட்ரெயிலருக்கு ஏத்தினவர். வாயால இழுத்தவர். ஒரு வாய் விழுங்கிப்போட்டார்."

ட்ரக்கின் இரைச்சல் குறைந்தது. ஓரம் கட்டினார் போலிருக்கிறது.

"ஐயோ மாமி. அது காரின்ர. போத்தல் வெடிச்சு ஒழுகுதெண்டு அதுக்குள்ள ஊத்தி வைச்சனான். அடியில மற்றதும் கொஞ்சம் கிடந்தது, ரெண்டும் கலந்திருக்கும்."

"நான் உப்புத் தண்ணி கரைச்சுக் குடுக்கட்டோ? சத்தி எடுத்தால் வெளியில வந்திடும்."

"வேண்டாம்! ஒண்டும் குடுக்காதேங்கோ. உடன ஆம்புலன்ஸுக்கு நைன் வன் வன் அடியுங்கோ. 'தமிழ்' எண்டு மட்டும் சொல்லுங்கோ, லைனில தமிழ் ஆள் வரும். கலனையும் கொண்டு போங்கோ. நான் ட்ரக்கைத் திருப்பிறன்."

அடித்தேன். "தமிழ்" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் வந்தது, இந்தியத் தமிழ். "அம்மா, பதட்டப்படாதீங்க. அவர் இப்போ முழிச்சிருக்காரா? மூச்சு நல்லா விடுறாரா?"

"ஓம், ஓம்."

"குடிச்சவங்க மாதிரி உளறுறாரா? நடக்கும்போது தள்ளாடுறாரா?"

இவர் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டே அப்படித்தான் கதைப்பார். "வழக்கம் போலத்தான் கதைக்கிறார்," என்றேன். சொல்லிவிட்டு, அது வழக்கமா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அன்று அவர் சொன்ன பகிடி ஒவ்வொன்றையும் அதன் பிறகு நஞ்சின் வேலையோ என்று நிறுத்துப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் சீனர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியது. இவருக்குக் கோபம்.

"ரத்தம் வடியேல்லை, நெஞ்சு நோகேல்லை. என்னத்துக்கு உந்த வண்டியைக் கூப்பிட்டனீர்? ஊர் சிரிக்க வைக்கிறீரோ?"

"ஏறுங்கோ."

"ஒரு மிடறுக்கு ஆம்புலன்ஸ்! இன்னும் ரெண்டு குழாய் மிச்சம் கிடக்கு."

நான் தெருவில் அவரைத் தொட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கும் முன்னால் ஜக்கெற்றின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏறுங்கோ எண்டால் ஏறுங்கோ!" என்று கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஏறினார். கலனை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரி எமேர்ஜென்சியில்தான் நான் அதிகம் பயந்தது. ஒரு நேர்ஸ் வந்து கலனை வாங்கி, லேபலை வாசித்தார். அவருடைய முகம் தெளிந்தது. "ஓ, திஸ் இஸ் ஓகே," என்று சிரித்து என் தோளில் தட்டினார். குடிதண்ணீர்க் குழாய்க்கு ஊற்றுகிற வகை என்று அதில் எழுதியிருக்கிறது அல்லவா, அதைத்தான் வாசித்திருக்கிறார். கலனைச் சுவரோரம் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போகத் திரும்பினார். இவர், "பாத்தீரே, படிச்சவவே சொல்லுறா," என்றார்.

எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் வெள்ளைக்கார நேர்ஸ் சொன்னதை மறுத்துப் பேச நான் யார் என்றுதான் இருந்திருப்பேன். மகள் வரட்டும் என்று இருந்துவிடலாம் போல இருந்தது. நேர்ஸ் இரண்டு அடி போய்விட்டார்.

"நோ!" என்றேன். அந்த இடமே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய்க் கலனைத் தூக்கி லேபலைக் கையால் மறைத்தேன். "நோ திஸ். இன்சைட் கார். கார்!" ஸ்ரேரிங் பிடிப்பது போலக் கையைச் சுழற்றிக் காட்டினேன். பிறகு கலனைத் தட்டினேன். "இன்சைட். கார். மை சன்-இன்-லோ புட்."

நேர்ஸ் நின்றார். கலன் மூடியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓடியே போனார்.

அதன் பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. ஒரு டொக்டர் வந்தார். போனில் தமிழ் ஆளைப் பிடித்துத் தந்து நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் நஞ்சு இருக்கிறதா என்ற மறுமொழி வரச் சுணங்குமாம், அதுவரை பார்த்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போய்விடுமாம், அதனால் மாற்று மருந்தை இப்போதே ஏற்றுகிறோம் என்றார்கள். கையில் ஊசி குத்திச் சேலைன் போல ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

இவர் அப்போதுதான் பேச்சைக் குறைத்தார். "தலை சுத்துது போல கிடக்கு," என்றார் மெதுவாக. "கனக்க இல்லை." சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நான் கட்டிலடியில் நின்று போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று பயம். கும்பிடுகிற தெய்வத்தின் பெயர்கூட எனக்கு வாயில் வரவில்லை. இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு என்று அந்தப் போர்வையைத்தான் மந்திரித்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை போர்வை அசையாதது போல இருந்தது. அவருடைய கால் பெருவிரலைப் பிடித்து நெரித்துவிட்டேன்.

"ஆ! என்னப்பா, உயிரோட கிடக்க விடமாட்டீரோ?"

மருமகன் முதியோர் இல்லத்துக்குப் போன் அடித்துச் சொல்லியிருந்தார், மகள் வேலை உடுப்போடு ஓடி வந்தாள். இரவில் டொக்டர் மறுபடி வந்து அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார், அவள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். இரத்தத்தில் இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. நேரத்தோடு மருந்து ஏறினபடியால் காப்பாற்றலாம், சிறுநீரகத்தைச் சில நாள் பார்க்க வேண்டும்.

"உன்ர அவர் எங்க?" என்று கேட்டேன்.

"வெளியில நிக்கிறார் அம்மா. வந்து கன நேரம். உள்ள வர மாட்டாராம்."

மகள் கூப்பிட்டும் வரவில்லையாம். நானே போனேன். மருமகன் நடைபாதைச் சுவரோடு சாய்ந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"மாமி, நான் பேரெழுதி ஒட்டியிருக்க வேணும். சோம்பலில விட்டிட்டன். நான் மாமாவைச் சாகடிச்சிருப்பன்."

உங்களில் பிழை இல்லை என்று சொன்னால் பொய். எனக்கும் அவர்மேல் ஒரு எரிச்சல் இருந்தது, அதை இங்கே மறைக்கவில்லை. ஆனால் அந்த ட்ரக்கை எந்த வேகத்தில் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். வழியில் அவருக்கும் ஒன்று ஆகியிருந்தால்? அந்தப் பயம் அப்போதுதான் வந்தது.

"தம்பி, உள்ளுக்கு வாங்கோ," என்றேன். "சாப்பிட்டனீங்களோ? வாங்கோ. அவர் உங்களைத்தான் கேக்கிறார்."

இவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மருமகன் எனக்குப் பின்னால் வந்தார். இவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வாரும் மருமகன். உம்மட சாமான் நல்ல இனிப்பு. சீனி வருத்தக்காரருக்குத்தான் ஆகாது."

மருமகன் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "ரெண்டு குழாய் மிச்சம் கிடக்கு, பாத்துக்கொள்ளும்," என்றார் இவர்.

ஒரு கிழமைக்குக் கிட்ட ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் தப்பியது. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் நித்திரை கொள்ளும்போது நான் போர்வையைப் பார்ப்பதை விடவில்லை.

வசந்தம் வந்ததும் மருமகன் ட்ரெயிலரின் பம்பையும் குழாய்களையும் தாங்கியையும் கழற்றி எறிந்துவிட்டு எல்லாம் புதிதாகப் பூட்டினார். அலசினால் போதும் என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்களாம், அவர் கேட்கவில்லை. புதுக் குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்து, எனக்கு முன்னால் நின்று தான் குடித்துக் காட்டினார். "இப்ப பாருங்கோ மாமி, நல்ல தண்ணி." இவர் அடுத்த கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டார். நான் குடிக்கவில்லை. இந்தக் கோடையிலும் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோய்த்தான் பல் தீட்டினேன். அவர்கள் இருவரும் சிரிக்கட்டும். தண்ணீர் நல்லதென்று எனக்கும் தெரியும். தெரிந்தும் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

இதை எழுதி முடித்த பிறகு புதுப் பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. இதை வாசித்துவிட்டு ஒருவர், ரோஸ் நிறம் என்றால் பயமில்லை என்றோ, ரோஸ் எல்லாம் நஞ்சு என்றோ எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனால் என்ன செய்வது? எது நஞ்சு, எது நஞ்சில்லை, நிறத்தை நம்பலாமா, விழுங்கியவருக்கு என்ன கொடுக்கக் கூடாது என்று நான் எழுதியதெல்லாம் பயத்தில் கேட்டதும் பாதி மறந்ததும். இதை அச்சில் போடப்போகிற பிள்ளைகளே, தயவுசெய்து ட்ரெயிலர் வைத்திருக்கிற ஒருவரிடமும் விபரம் தெரிந்த நேர்ஸ் அல்லது டொக்டர் ஒருவரிடமும் இதைக் காட்டி, பிழையான இடங்களைத் திருத்திவிட்டுப் போடுங்கள். என்னிடம் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. வெட்ட வேண்டியதை வெட்டிவிடுங்கள்.